விசில் ஊதினால் போதுமா? வினா எழுப்ப வேண்டாமா?

பெயரை மாற்றிக் கொண்டவர் மறைமலையடிகள். வேதாசலம் என்று வழங்கி வந்த தம் பெயரை 1916ஆம் ஆண்டில் தமிழாக்கிக் கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. பெயர் மட்டுமா மாறிற்று? இல்லை. பேச்சு மாறிற்று, எழுத்து மாறிற்று, எண்ணம் மாறிற்று. அவர் பின்னே வந்த ஒரு தலைமுறையின் தமிழ் நடையே மாறிற்று. பெயர் மாறினால் பொருளும் மாற வேண்டும் என்பதற்கு அந்தப் பெரியவரின் வாழ்வே சான்று.

அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது மறைமலைநகர். செங்கல்பட்டுக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில், தொழிற்கூடங்களின் புகைபோக்கிகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நடுவே வளர்ந்த ஊர். அந்த ஊர்ப் பக்கம் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டுத் திரும்புகையில், ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரமாகச் சற்று நேரம் நின்றோம். பள்ளியின் பெயர் வேண்டாம். அது ஒரு பள்ளியின் கதையன்று. ஊர்தோறும் நடக்கும் கதை.

அறுபது பிள்ளைகள், நான்கு வரிசை. விசில் ஒலிக்கிறது. கை மேலே! விசில். கை பக்கவாட்டில்! விசில். கை கீழே! பத்து நிமிடம் இது நடந்தது. பிறகு பந்து ஒன்று வந்தது. ஒரே ஒரு பந்து. பள்ளி அணியில் இருக்கும் பன்னிரண்டு பையன்கள் அதை எடுத்துக் கொண்டு ஓடினார்கள். மற்ற பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் மர நிழலுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கணக்கு நோட்டு அவர்களுக்காகக் காத்திருந்தது. 

ஆனால் நம் நெஞ்சில் தைத்தது இவை எதுவும் அல்ல. வரிசை கலைந்த பிறகும் ஒரு சின்னஞ்சிறு பெண் மட்டும் இரு கைகளையும் மேலே தூக்கியபடியே நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் இடித்துக் கேட்டாள்: "ஏண்டி இன்னும் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற?" அவள் சொன்ன விடை: "சார் எறக்கச் சொல்லலையே!"

சிரித்தார்கள் பிள்ளைகள். நமக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே! கை வலித்தும் இறக்கவில்லை, கண் முன்னே வரிசை கலைந்தும் இறக்கவில்லை. ஏன்? சொல்லவில்லை, அதனால் செய்யவில்லை! உடலை வளர்ப்பதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் நாம் வளர்த்தது எதை? உடலையா? அடிமைத்தனத்தையா?

ஒரு காலத்தில் அந்த வகுப்புக்கு 'டிரில்' என்று பெயர். பிறகு 'பி.டி. பீரியட்' என்றார்கள். பிறகு உடற்பயிற்சி என்றார்கள். இன்று உடற்கல்வி என்கிறோம். பயிற்சி கல்வியாயிற்று, நல்ல மாற்றம்தான். ஆனால் பெயர் மாறிய அளவுக்குப் பொருள் மாறியதா? மறைமலையடிகளின் பெயர் சூட்டிய ஊரிலிருந்தே இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். கல்வி என்றால் சிந்தனை வேண்டாமா? சிந்தனை என்றால் கேள்வி வேண்டாமா?

'டிரில்' எங்கிருந்து வந்தது? பட்டாளத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர்களாக வந்தார்கள். தாங்கள் கற்றதைக் கற்பித்தார்கள். படைக்கு வேண்டியது கட்டளை. கட்டளைக்கு வேண்டியது கீழ்ப்படிதல். சிப்பாய் 'ஏன்' என்று கேட்டால் படை நடக்காது. ஆனால், மாணவன் 'ஏன்' என்று கேட்காவிட்டால் நாடு நடக்காதே! படைமுகாமுக்குத் தைத்த சட்டையைப் பள்ளிப் பிள்ளைக்கு மாட்டினார்கள். மாட்டியவன் 1947இல் கப்பலேறிப் போய்விட்டான். சட்டையை மட்டும் நாம் இன்னும் கழற்றவில்லை.

கழற்ற முயன்றவரே இல்லையா என்றால், இருந்தார். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் சென்னைக்கு வந்தவர், 1920ஆம் ஆண்டில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1924இல் பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. விறைத்து நிற்பதைவிட விளையாடுவது மேல் என்பதுதான் அவர் ஊன்றிய விதை. விளையாட்டு விதிகளை நூலாகத் தொகுத்தார். 1943இல் மறையும் வரை தமிழ் மண்ணிலேயே உழைத்தார். அவர் விதை ஊன்றி நூறாண்டு கடந்துவிட்டது. மரத்தின் நிழல் நந்தனத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி மைதானத்திற்கு அது இன்னும் எட்டவில்லை.

உலகம் இதற்குள் வெகுதூரம் போய்விட்டது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மஸ்கா மாஸ்டன், 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உடற்கல்வி கற்பிக்கும் முறைகளை ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டினார். வரிசையின் ஒரு முனையில் கட்டளை: ஆசிரியர் சொல்வார், மாணவர் செய்வார். மறு முனையில் சிக்கலுக்குத் தீர்வு காணல்: ஆசிரியர் கேட்பார், மாணவர் தேடிக் கண்டுபிடிப்பார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகப் போக, முடிவெடுக்கும் உரிமை ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறுகிறது. உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! உரிமைக்காகவே வளர்ந்த இயக்கம் நம்முடையது.

1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் என்ற இருவர் பள்ளிகளின் விளையாட்டு வகுப்புகளை உற்று நோக்கி ஓர் உண்மையைச் சொன்னார்கள். பந்தை இப்படிப் பிடி, இப்படி அடி என்று நுணுக்கம் நுணுக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஆனால், பெரும்பாலான பிள்ளைகளால் அதைச் சரியாகச் செய்ய முடியவில்லை. செய்ய முடிந்த சிலருக்கோ, ஆட்டத்தின் நடுவே எப்போது எதைச் செய்வது என்று தெரியவில்லை. பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தே ஆடுகிறார்கள். ஆகவே முறையைத் திருப்பிப் போடுங்கள் என்றார்கள் அவர்கள். முதலில் ஆட்டம். பிள்ளையின் வயதுக்கும் வலிவுக்கும் ஏற்றபடி சுருக்கிய ஆட்டம். ஆட்டத்திலிருந்து சிக்கல் பிறக்கும். சிக்கலிலிருந்து கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்த பிறகு நுணுக்கம் கற்பியுங்கள். அப்போது அது ஒட்டும்.

லஃப்பரோ தொலைவில் இருக்கிறது, அங்கே நடப்பது இங்கே நடக்குமா என்று கேட்பார்கள். அவர்களை மாமல்லபுரத்துக்கு அழைக்கிறோம். 2022ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகத்து 10 வரை, 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அந்தக் கடற்கரை ஊரில் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தார்கள். வேட்டி சட்டை அணிந்த குதிரை ஒன்று, 'தம்பி' என்ற பெயரோடு கைகூப்பி அவர்களை வரவேற்றது. அந்தப் போட்டியில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற சென்னைச் சிறுவன் குகேஷ், 2024 டிசம்பரில் 18 வயதில் சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டம் சூடினார்.

சதுரங்கத்தை எப்படிக் கற்பிக்கிறார்கள்? அறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, 'விசில் ஊதியதும் எல்லாரும் குதிரையைத் தூக்குங்கள், மறு விசிலில் கீழே வையுங்கள்' என்றா கற்பிக்கிறார்கள்? அப்படிக் கற்பித்தால் உலகம் சிரிக்காதா? பலகையில் காய்களை ஒரு நிலையில் வைத்து, 'இப்போது உன் முறை, என்ன செய்வாய்? ஏன் அதைச் செய்வாய்?' என்று கேட்கிறார்கள். பிள்ளை தவறாகச் சொன்னால், 'சரி, அப்படியே ஆடிப் பார். எதிரி என்ன செய்வான்?' என்கிறார்கள். தவறே ஆசிரியராகிறது. உட்கார்ந்து ஆடும் ஆட்டத்திற்கு ஒரு நீதி, ஓடி ஆடும் ஆட்டத்திற்கு வேறு நீதியா? மூளை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வேலை செய்யுமா? ஓடும் காலுக்கு மேலே தலை இல்லையா?

சொல்வது எளிது, செய்வது எப்படி என்று ஆசிரியத் தோழர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நேர்மையானது. சடுகுடுவையே எடுத்துக் கொள்வோம். கபடி என்று உலகம் அழைக்கும் நம் ஆட்டம். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காசு வேண்டாம்.

அறுபது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், ஒரே மைதானம். சுண்ணாம்புப் பொடியால் அதைப் பத்துச் சிறு களங்களாகக் கோடிடுங்கள். ஒரு களத்துக்கு அறுவர். ஒருவர் பாடிப் போகட்டும். நால்வர் எதிரே நிற்கட்டும். ஆறாமவர் கையில் ஒரு நோட்டு. யார் எங்கே பிடிபட்டார் என்று குறிக்கட்டும். முறை மாற்றி முறை எல்லாரும் எல்லா வேலையும் செய்யட்டும். தொடக்கத்தில் இழுத்துத் தள்ளும் பிடி வேண்டாம். இருவர் சேர்ந்து இடுப்பைத் தொட்டாலே பிடித்ததாகக் கணக்கு. ஐந்து நிமிட ஆட்டம். பிறகு விசில். இப்போது விசிலுக்குப் பின்னே வருவது கட்டளையன்று, கேள்வி.

"அதிகம் பேர் எங்கே பிடிபட்டாங்க?"

நோட்டைப் பார்த்து விடை வரும்: "மூலையில ஐயா."

"ஏன் மூலையில?"

அமைதி. அந்த அமைதியைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆசிரியர்களே! விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். விதை வெடிக்கும் நேரம் அது. யாரோ ஒரு பிள்ளை சொல்லும்: "ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் ஆளு. திரும்ப எடமில்ல ஐயா."

"அப்போ பாடிப் போறவங்க என்ன செய்யணும்?" "நடுவுலயே நிக்கணும்." "எதிர்ல நிக்கிறவங்க?" "மூலைக்கு இழுக்கணும்." "அவங்கதான் வரமாட்டாங்களே, எப்படி இழுப்பீங்க?" மீண்டும் அமைதி. "சரி, போய் ஆடிப் பாருங்க!"

பிள்ளைகள் ஓடுவார்கள். இம்முறை கால்களோடு கண்களும் ஓடும். கண்களோடு கருத்தும் ஓடும். ஒருத்தி வேண்டுமென்றே காலை நீட்டி ஆசை காட்டுவாள். மற்றொருத்தி பின்னாலிருந்து வளைப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்!

அடுத்த வாரம் களத்தின் அகலத்தைக் குறையுங்கள். யாருக்கு நன்மை என்று கேளுங்கள். அதற்கடுத்த வாரம் எதிரே நிற்பவரை மூவராக்கி, பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்று சொல்லுங்கள். போட்டிக் கபடியில் உள்ள விதிதான் அது. ஏன் அப்படி ஒரு விதி வைத்தார்கள்? ஒரு முறை பாடிப் போக 30 நொடி என்று ஏன் வைத்தார்கள்? இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று தொழில்முறைக் கபடியில் ஏன் வைத்தார்கள்? விதியைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டாம். விதியின் காரணத்தைக் கேட்கட்டும். 'இந்த விதி இல்லாவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்' என்று ஆடிப் பார்த்தே அறியட்டும். விதிக்குக் காரணம் கேட்கக் கற்ற பிள்ளை, நாளை தலைவிதிக்கும் காரணம் கேட்கும்!

இப்படி ஆடிக் கொண்டிருக்கும்போது ஒரு நாள் ஒரு பிள்ளை வரும்: "ஐயா, காலப் பிடிச்சா உருவிக்கிட்டுப் போயிடறான். எப்படிப் பிடிக்கிறது?" இந்தக் கேள்விக்காகத்தான் நாம் காத்திருந்தோம். இப்போது கற்பியுங்கள் கணுக்கால் பிடியை. மண்ணைக் கொத்தி மிருதுவாக்கி, அடிபடாமல் விழுவது எப்படி என்று காட்டி, பொறுமையாகக் கற்பியுங்கள். பசித்தவனுக்குப் பரிமாறிய சோறு அது, உடம்பில் ஒட்டும்.

சரி, எதிர்ப்புகள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஒழுங்கு கெட்டுவிடும்' என்பது முதல் எதிர்ப்பு. வரிசையில் நிற்பதுதான் ஒழுங்கா? அறுபது பேர் அசையாமல் நின்றால் அது ஒழுங்கு. அறுபது பேர் விதிக்குக் கட்டுப்பட்டு, நடுவர் சொல்லை ஏற்று, தோற்றாலும் கை குலுக்கி ஆடினால் அது ஒழுங்கன்றோ? முன்னது அச்சத்தால் வந்த ஒழுங்கு. ஆசிரியர் முதுகைத் திருப்பினால் போய்விடும். பின்னது அறிவால் வந்த ஒழுங்கு. ஆசிரியர் இல்லாத இடத்திலும் நிற்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறது பழமொழி. ஒப்புகிறோம். ஆனால் வளைய வேண்டியது உடம்பு, முதுகெலும்பன்று!

'ஆசிரியருக்கு வேலை இல்லாமல் போய்விடும்' என்பது இரண்டாவது. வேலை கூடும் என்பதே உண்மை. விசில் ஊதுவதற்கு மூச்சு போதும். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதற்குப் படிப்பு வேண்டும், முன்னேற்பாடு வேண்டும், பத்துக் களத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் வேண்டும்.

'இதனால் பதக்கம் வருமா' என்பது மூன்றாவது. நேர்மையாகவே பேசுவோம். இம்முறை பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. கைவினை நுணுக்கத்தில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டவை உண்டு. ஆனால் ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பதிலும், விளையாடும் ஆர்வத்திலும் இம்முறை கைகொடுக்கிறது என்று கண்டவை பல. நுணுக்கத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, சிந்தனையில் பெறுவதற்கு நிறைய உண்டு என்றால், எந்த வணிகன் இந்தப் பேரத்தை வேண்டாம் என்பான்? சிங்கப்பூர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் அந்த நாடு, 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் நாடு' என்று 1997இல் அறிவித்தது. 1999இல் இம்முறையைத் தன் உடற்கல்விப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது.

'கணக்கும் அறிவியலும் கெட்டுவிடும், மதிப்பெண் குறைந்துவிடும்' என்பது நான்காவது. மறைமலைநகரின் தொழிலாளத் தோழர்களைக் கேட்கிறோம், நீங்களே இதற்கு விடை சொல்லுங்கள். தொழிற்கூடத்தில் ஒரு பாகம் பழுதாக வந்தால், 'ஏன்' என்று கேட்கச் சொல்கிறார்கள். விடை வந்தால் அதற்கும் 'ஏன்' என்று கேட்கச் சொல்கிறார்கள். ஐந்து முறை 'ஏன்' கேட்டு வேரைக் காணும் முறை சப்பானின் டொயோட்டா ஆலையில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஆலையில் கேட்கச் சொல்லும் கேள்வியைப் பள்ளியில் கேட்காதே என்பது என்ன நியாயம்? களத்தில் 'ஏன்' கேட்டுப் பழகிய பிள்ளை கணக்கிலும் கேட்கும்.

உடல்நலத்தின் கணக்கையும் பாருங்கள். 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2016ஆம் ஆண்டுக்கான அதன் கணக்குப்படி, உலகில் இவ்வயதுப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் அந்த அளவுக்கு இயங்கவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. மர நிழலில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் பெண் பிள்ளைகளைத்தான் அந்த 85 சுட்டுகிறது.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சரக்கு நம்முடையது, தோழர்களே! தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்கு யார் விசில் ஊதினார்கள்? கிளித்தட்டு ஆடினோம், கோடு நாம் கிழித்தோம். கிட்டிப்புள் ஆடினோம், அளவு நாம் வைத்தோம். ஆள் குறைந்தால் விதியை மாற்றினோம். சின்னத் தம்பி அழுதால் 'ஒப்புக்கு' என்று அவனையும் சேர்த்துக் கொண்டோம். சண்டை வந்தால் நாமே வழக்காடி நாமே தீர்ப்பளித்தோம். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். இரண்டு பக்கமாக ஆள் பிரிப்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் வைத்த பெயர் என்ன? 'உத்தி பிரித்தல்'. ஆட்டத்தில் வெல்வதற்கு எண்ணி வகுக்கும் வழிக்குத் தமிழில் பெயர் என்ன? அதுவும் 'உத்தி'. ஆள் சேர்ப்பதும் உத்தி, அறிவைச் சேர்ப்பதும் உத்தி! தெருவில் பிள்ளைகள் தாமே நடத்திய அந்தப் பள்ளியைக் கார்களும் கட்டடங்களும் விழுங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது பள்ளி மைதானம் ஒன்றுதான். அங்கேயும் உத்தியைத் துரத்திவிட்டு விசிலை மட்டும் உட்கார வைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. இதுதான் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. தொட்டால் தீட்டு என்று சொன்ன நாடு இது. அந்த நாட்டில் தொட்டால்தான் புள்ளி என்று ஓர் ஆட்டம்! எந்தத் தெருப் பிள்ளையானாலும் கையைக் கோத்துத்தான் சங்கிலி கட்ட வேண்டும். இல்லையேல் பாடி வந்தவர் தப்பிவிடுவார். மண்ணில் புரண்டு எழுந்த அறுவரில் யார் மேல், யார் கீழ்? வியர்வைக்குச் சாதி உண்டா? புழுதிக்குக் குலம் உண்டா? ஆனால் கவனியுங்கள். பன்னிருவர் மட்டும் ஆடி நாற்பத்தெண்மர் வேடிக்கை பார்த்தால் இந்தப் பாடம் நடக்காது. வலுத்தவன் ஆட, இளைத்தவன் பார்க்க, பெண் ஒதுங்க என்று மைதானமே ஒரு வருணாசிரமம் ஆகிவிடும். எல்லாரும் ஆடும் சிறு களம்தான் சமத்துவக் களம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, சென்னை கண்ணகி நகரின் மகள். நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழை மக்கள் குடியேற்றப்பட்ட இடம் கண்ணகி நகர். அங்கே ஒரு களம் இருந்தது, கற்றுத்தர ஆள் இருந்தார், ஆட இடம் கிடைத்தது, தங்கம் வந்தது. மகிழ்கிறோம், பெருமை கொள்கிறோம். அதே மூச்சில் கேட்கிறோம்: மர நிழலில் உட்கார வைக்கப்பட்ட எத்தனை கார்த்திகாக்களை நாம் இழந்தோம்? பதக்கம் வாங்காவிட்டாலும் போகட்டும். நலமாக, நிமிர்ந்து, கேள்வி கேட்டு வாழ்ந்திருக்க வேண்டிய எத்தனை பெண்களை இழந்தோம்?

ஆகவே நாம் கேட்பது இவை. 

உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். திருப்பிக் கிடைக்காத கடன் அது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தன் அட்டவணையில் சொல்கிறது. சலுகையன்று, சட்டம்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் நிற்கிறது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது, இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பது. சடுகுடு, கிளித்தட்டு, கால்பந்து, எறிபந்து என ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எந்த வயதுக்கு எப்படிச் சுருக்குவது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று எளிய தமிழில் கையேடு வேண்டும். அதை அந்தப் பல்கலைக்கழகம் முன்னின்று செய்யட்டும். சுற்றியுள்ள பள்ளிகளில் ஆடிப் பார்த்து, குறை கண்டு, திருத்தி, பிறகு நாடு முழுதும் அனுப்பட்டும்.

கற்பிப்பவர் வயிறு நிறையட்டும். 2012ஆம் ஆண்டில் உடற்கல்வி, ஓவியம், கைத்தொழில் போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். ஊதியம் பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆனால் ஆண்டுகள் பத்துக்கு மேல் ஓடியும், ஆட்சிகள் மாறியும், பணி நிலைப்புக்கான அவர்கள் குரல் ஓயவில்லை. இதில் நம் பக்கத்துக்கும் பொறுப்புண்டு என்று சொல்ல நாம் நாணவில்லை. அரை வயிற்று ஆசிரியரிடம் முழு மனத்தை எதிர்பார்ப்பது அறமன்று.

ஆசிரியத் தோழர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை மைதானத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் விசிலோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். சுண்ணாம்புப் பொடிக்கு ஆகும் செலவுதான் செலவு.

சுவர் ஓரமாக நின்று பார்த்த அந்தச் சின்னஞ்சிறு பெண் இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை. இரு கைகளையும் தூக்கி நின்றாளே, அந்தக் கை இறங்க வேண்டாம் என்றே விரும்புகிறோம். ஆனால் ஒரு கை போதும். கட்டளைக்காகத் தூக்கிய கையாக அது இருக்க வேண்டாம்.

"ஐயா, எனக்கொரு கேள்வி!" என்று தூக்கிய கையாக இருக்கட்டும்!